சாம்பலைத் தாங்கும், சந்தாவைத் தாங்காது

வடசென்னையை ஒட்டிய வள்ளூரில் எதைச் சுவரில் ஒட்டினாலும் சீக்கிரமே நிறம் மாறிவிடும். ஒருபக்கம் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் எண்ணூர்க் கடலின் உப்புக்காற்று. ஆனாலும் இந்தப் பகுதி டீக்கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடுகளைப் பாருங்கள். ஓரம் கிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதி வெளுத்த பிறகும் அவை பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

அந்தக் கட்டம் பிறந்த இடம் அப்படி. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியது, கார் உதிரிபாகப் பெட்டிகளைக் கணக்கு வைப்பதற்காக. கிரீஸும் தூசியும் படியும் தொழிற்சாலைத் தளத்துக்கான சரக்கு என்பதால், சிதைந்த தகவலை மீட்டெடுக்கும் உபரிக் குறிப்புகளையும் உள்ளேயே சேர்த்துப் பின்னினார்கள். உச்ச அளவில் அமைத்தால் சுமார் 30 சதவிகிதம் சிதைந்தாலும் படிக்க முடியும். மூன்று மூலைகளில் உள்ள சதுரங்கள், போனை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் கோட்டை அடையாளம் காட்டிவிடும். வடசென்னைக்கென்றே செய்ததுபோல ஒரு பொருள்!

அது இப்போது கல்லூரி நூலகங்களுக்குள் வந்திருக்கிறது. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வடக்கே பொன்னேரிக்கும் தெற்கே தண்டையார்பேட்டைக்கும் படிக்கப் போகிறார்கள். 2018-ல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கோடு அச்சாகத் தொடங்கியபோது பள்ளியில் இருந்த தலைமுறை இது. ஸ்கேன் செய்ய யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால், பல நூலகங்களில் கோடு முதலில் ஒட்டப்படும் இடம் வாசல். உள்ளே நுழையும்போது ஒரு ஸ்கேன், வெளியே போகும்போது ஒன்று. கையெழுத்துப் போடும் கேட் ரிஜிஸ்டருக்கு விடை கொடுத்தாயிற்று. தர மதிப்பீட்டுக்கு வருபவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்துக்கு வருகிறார்கள் என்று கேட்பார்கள், அந்தக் கணக்கு ஒரு பட்டனில் வந்துவிடுகிறது. நூலகருக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. மாணவிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

கிடைக்க வேண்டியது அலமாரிப் பக்கம் இருக்கிறது. பிரிட்டனின் ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழக நூலகம் பல வருடங்களுக்கு முன்பே, அச்சு ஆய்விதழ்கள் இருக்கும் அடுக்கில் கோடு ஒட்டி, அதே இதழின் மின்வடிவத்துக்கு வாசகர்களை அனுப்பியது. நம் ஊரில் இதன் அருமை இன்னும் அதிகம். ரெஃபரன்ஸ் பிரிவுப் புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள். மாலை ரயிலை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய பெண், அலமாரி முன் நின்று ஒரு ஸ்கேன் செய்தால், அதே பாடத்தின் மின்னூலையோ பழைய வினாத்தாளையோ ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டு போகலாம். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதுதான். வாசலில் வரிசை கட்டி ஸ்கேன் செய்ய வைப்பது அந்த விதியில் சேராது.

எல்லோரிடமும் போன் இருக்கிறதா, வளாகத்தில் போனுக்கே தடை போடும் கல்லூரிகளில் என்ன செய்வது என்ற கேள்விகளும் உண்டு. நியாயமானவைதான். எனக்குப் பெரிதாகத் தெரியும் கவலை வேறு.

கட்டம் சாகாது, அதற்குப் பின்னால் இருக்கும் முகவரி செத்துப்போகும்.

கோடுகளில் இரண்டு ரகம். ஒன்றில், போக வேண்டிய இணைய முகவரியே கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அச்சாகிவிடும். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இன்னொன்றில் அச்சாவது ஒரு தனியார் தளத்தின் குட்டி முகவரி. ஸ்கேன் முதலில் அங்கே போய், அங்கிருந்து நூலகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். பின்னால் மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம் என்பதால் இரண்டாவதைத்தான் விரும்புகிறார்கள். இந்த ரகத்தில் ‘இலவசம்’ என்று எழுதியிருப்பதில் பல, சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா கேட்கும். கட்டாவிட்டால் அலமாரி முழுக்க ஒட்டிய கோடுகள் ஒரே நாளில் ஊமையாகிவிடும். இதோடு இன்னொன்று: கோடு தயாரித்த தற்காலிகப் பணியாளர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்திருப்பார். அவர் வேறு வேலைக்குப் போகும்போது பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். பீரோ சாவி போனால் பூட்டை உடைக்கலாம், இதற்கு எதை உடைப்பது?

ஊமையானால்கூடப் பரவாயில்லை. 2015-ல் ஜெர்மனியில் ஒரு சாஸ் பாட்டிலில் இருந்த கோட்டை ஸ்கேன் செய்தவருக்கு ஆபாசத் தளம் திறந்தது. போட்டி ஒன்றுக்காக வாங்கிய இணைய முகவரியை நிறுவனம் புதுப்பிக்காமல் விட, வேறு யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். பாட்டில் மட்டும் வீட்டு மேஜையில் அப்படியே இருந்தது. கல்லூரிப் புத்தகம் சாஸ் பாட்டிலைவிட எத்தனையோ வருடம் அதிகமாக அலமாரியில் இருக்கும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. இந்தியப் பல்கலைக்கழக முனைவர்பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘சோத்கங்கா’, ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நிலையான அடையாள எண் கொடுக்கிறது. தளம் இடம்மாறினாலும் எண் மாறாது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு அதேபோல் டிஓஐ என்ற நிலையான எண் இருக்கிறது. கோட்டுக்குள் இவற்றை நேரடியாக அச்சிட்டால் போதும். மற்றவற்றுக்குக் கல்லூரியின் சொந்த இணைய முகவரி, யார் மாறினாலும் தொடரும்படி நூலகத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல், கோட்டுக்குக் கீழே அதே முகவரி எழுத்திலும். இவ்வளவும் செய்துவிட்டு, வருடாவருடம் புத்தக இருப்பைச் சரிபார்க்கும்போது அக்சஷன் ரிஜிஸ்டரோடு ஒரு போனையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வோர் அடுக்கிலும் கோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காததை அன்றைக்கே கிழித்துவிட வேண்டும்.