மீரியும் பாரியோவும் எவ்வளவு தூரம்?

நம் தோட்டப்புறப் பிள்ளைகளுள் ஆசிரியர் பயிற்சி பெற்றோர் சரவாக் மாநிலத்தில் பணியமர்த்தப்படுவதுண்டு. அவ்வாறான செய்தி வந்தவுடன் பெற்றோர் முதலில் கேட்பது, "அது எவ்வளவு தூரம்?" என்பதே. இதற்கு ஒரே விடை கூற இயலாது. வட சரவாக்கிலுள்ள மீரி நகரையும், அதற்கப்பால் மலைகளுக்கிடையே உள்ள பாரியோவையும் கொண்டு இதனை விளக்குவோம்.

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து மீரிக்கு வானவழியே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சேர வேண்டும். ஆயினும் அட்டவணை இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டியே காட்டும். விமானம் நிலையத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதையில் காத்திருந்து, மேலேறி, பின் மெதுவாக இறங்கி நிற்கும் வரையிலான நேரம் முழுதும் அதில் அடங்கும்.

மீரியிலிருந்து பாரியோ சுமார் 180 கிலோமீட்டர்தான். ஆனால் பயணத்தின் கடினமான பகுதி இதுவே. மேட்டுக் காட்டில் பால் வெட்டுவோருக்குக் கீழேயுள்ள ஸ்டோர் கண்ணெதிரே தெரியும். வாளிகளைச் சுமந்து சுற்றுப்பாதையில் இறங்கும்போதுதான் உண்மைத் தூரம் புலப்படும். பாரியோவின் நிலையும் அதுவே. வெட்டுமர லாரிகளுக்காக அமைத்த மண்பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் சென்றால் ஒரு பகல் முழுதும் கழியும்; மழை பெய்தால் மறுநாளும் ஆகலாம். பத்தொன்பது பேர் அமரும் 'டுவின் ஓட்டர்' சிறு விமானமோ ஒரு மணி நேரத்திற்குள் கொண்டு சேர்த்துவிடும்.

அச்சிறு விமானத்தில் பெட்டியை மட்டுமன்றிப் பயணியையும் எடை பார்ப்பர். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. குறுகிய ஓடுபாதையில் இறங்கி ஏறும் விமானத்திற்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆகவே அம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாய்ப் புட்டிகளைக் குறைத்துக்கொள்வதே நலம். பாரியோ கடல்மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகம் மூடினால் விமானம் புறப்படாது. மீரியில் இறங்கிய அன்றே பாரியோ செல்லத் திட்டமிடாது, இடையில் ஒரு நாள் விட்டுச் சீட்டு வாங்குதல் வேண்டும். திரும்பும்போதும் அவ்வாறே. தீபாவளிக்கு முதல் நாள் வீடு சேரலாம் என்று எண்ணிப் புறப்பட்டால் மேகம் இசையாமற் போகலாம்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்துடன் ஒன்றாக்கப்பட்டது. எனினும் கதிரவன் அங்கே நமக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக உதிக்கின்றது. சிரம்பானில் இருட்டாக இருக்கையிலேயே மீரியில் விடிந்துவிடும்.

உள்நாட்டுப் பயணமே என்று அடையாள அட்டையைப் பெட்டிக்கடியில் வைத்துவிடலாகாது. 1963-இல் மலேசியா உருவானபோது ஏற்ற ஏற்பாட்டின்படி, சரவாக்கின் நுழைவாயிலில் தீபகற்பத்தினரும் குடிநுழைவுச் சோதனைக்கு உட்பட்டவரே. சிறு குழந்தைகளை உடனழைத்துச் செல்வோர் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருத்தல் வேண்டும்.