தேவாங்குக்கு வீடு எது?

"தேவாங்கு மாதிரி விழிக்காதே!" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அந்தத் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் வழியில் அய்யலூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. உடம்பு ஒரு சாண் நீளம். எடை சுமார் கால் கிலோ. பகலெல்லாம் மரத்தில் சுருண்டு தூங்கும். இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் தின்பதால், அது உழவர்களுக்குக் கூலி கேட்காத காவல்காரன்!

இந்தச் சாதுப் பிராணியைச் சிலர் பிடித்து விற்கிறார்கள். 'அழகாக இருக்கிறதே' என்று சிலர் வாங்குகிறார்கள். பிறகு என்ன நடக்கிறது? இருட்டில் பார்க்கும் கண்ணுக்கு விளக்கு வெளிச்சம். பூச்சி தின்னும் வாய்க்குச் சோறு. தூங்கும் நேரத்தில் குழந்தைகளின் விளையாட்டு. பாவம், அது மெலிந்து செத்துப்போகிறது.

தேவாங்கைப் பிடிப்பதும், விற்பதும், வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல் தேவாங்கு சரணாலயம்.

"பாவம் பார்த்துத்தான் வாங்கினேன்" என்பதும் சரியல்ல. நாம் கொடுக்கும் காசு, அடுத்த தேவாங்கைப் பிடிப்பதற்குக் கூலி ஆகிவிடும். விற்பவரைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் குரங்கு, ஓணான் வாங்க ஆசைப்படுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அதன் காட்டை நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? முடியாதென்றால், அதை அதன் மரத்திலேயே விட்டுவைப்பதுதான் உண்மையான அன்பு.