வந்தவர்களும் நின்றவர்களும் – 14: சோழி ஏற்றிய விமானம்

ஐஸ்லாந்தை முடித்தாயிற்று. நார்வே ஆண்களும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பெண்களுமாகச் சேர்ந்து ஒரு நாட்டுக்கு வம்சம் கொடுத்த கதையைத் தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பப்புவா நியூ கினி. அங்கே பொதுமொழியாக ஓடுகிற டோக் பிசின் எப்படிப் பிறந்தது என்று சொல்வதாகப் பேச்சு. ஆனால் படிக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு சிப்பி கையில் அகப்பட்டது. வாரம் முழுக்க அதுவே ஓடிவிட்டது.

அந்த நாட்டுப் பணத்துக்குப் பெயர் கினா. 1975-ல் சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பே ஆஸ்திரேலிய டாலருக்குப் பதிலாக வந்தது. அதற்கு முன்பு கினா என்றால் முத்துச்சிப்பியின் ஓடு. பெரிய ஓடாகப் பார்த்து, பிறை வடிவில் அறுத்துத் தேய்த்து, மார்பில் தொங்கவிடுவார்கள். மவுண்ட் ஹாகன் வட்டாரத்து மெல்பா மக்கள் அதை மரப்பிசின் தட்டில் பதித்து, சுற்றிலும் செங்காவிப் பொடி பூசி வைப்பார்கள். பெண்ணுக்குப் பரிசம் போட, செத்தவனுக்கு ஈடு கட்ட, கூட்டாளி சேர்க்க, எல்லாவற்றுக்கும் இதுதான்.

மெல்பாக்களிடம் 'மோகா' என்று ஒரு வழக்கம். வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அப்படிக் கொடுத்துக் கொடுத்தே ஒருவன் ஊரில் பெரிய மனிதனாவான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய்விருந்து தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நம்மிடம் மொய் நோட்டு இருக்கிறது. அவர்கள் கணக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சின்னச் சின்ன மூங்கில் குச்சிகளை ஏணிப்படிபோலக் கோத்து மார்பில் தொங்கவிடுவார்கள். ஒரு குச்சிக்கு எட்டோ பத்தோ சிப்பி கொடுத்ததாக அர்த்தம். எதிரே வருகிறவரின் அந்தஸ்தைக் குச்சியை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்!

சரி, மலைமேல் இருப்பவருக்குச் சிப்பி ஏது? தெற்கே கடற்கரையிலிருந்து வந்தது. இடையில் செங்குத்து மலை, அடர்ந்த காடு, போதாததற்கு ஊருக்கு ஊர் பகை. முழுத் தூரத்தையும் நடந்து கொண்டுவந்த வியாபாரி என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அடுத்த பள்ளத்தாக்கோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டது. கல் கோடரி, பன்றி, சொர்க்கப் பறவையின் இறகு, செடியைச் சுட்ட சாம்பலிலிருந்து காய்ச்சிய உப்புக்கட்டி எல்லாம் ஒரு பக்கம் கைமாற, சிப்பி மறுபக்கம் கைமாறி மேலே ஏறியது. அதை அணிந்தவர்களில் அநேகம் பேர் கடலைப் பார்த்ததே இல்லை.

1930-ல் மைக்கேல் லேஹி, மைக்கேல் டுவையர் என்று இரண்டு ஆஸ்திரேலியர்கள் தங்கம் தேடி மலையேறினார்கள். உள்ளே வெறும் மலைமுகடுகள்தான், மனித வாசமே இருக்காது என்பது கரையோர வெள்ளையர்களின் நினைப்பு. ராத்திரி கூடாரம் போட்ட இடத்திலிருந்து பார்த்தால், எதிரே இருட்டில் எங்கெங்கும் தீ எரிகிறது! 1933-ல் லேஹி தன் தம்பி டானையும் அரசு அதிகாரி ஜிம் டெய்லரையும் சேர்த்துக்கொண்டு வாகி பள்ளத்தாக்கில் இறங்கினார். அந்த மலைநாட்டில் சுமார் பத்து லட்சம் பேர் வெளியுலகத்துக்குத் தெரியாமல் தோட்டம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் செத்துப்போன தங்கள் முன்னோரின் ஆவிகள் என்று மலைமக்கள் முதலில் நம்பினார்கள். ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டு, வெள்ளைக்காரர் ஒதுங்கப் போன இடத்தை மறைந்திருந்து பார்த்துக்கொண்டார். பிறகு போய்ச் சோதித்ததில், தோல் நிறம் வேறானாலும் நாற்றம் ஒன்றுதான் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' ஆவணப்படத்தில் அந்தத் தலைமுறைக்காரர்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆராய்ச்சி முறை என்றால் இதல்லவா முறை!

லேஹிக்கு ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும். ஆஸ்திரேலிய நாணயத்தை அங்கே சீந்துவாரில்லை. சிப்பியும் சோழியும் என்றால் கிழங்கு மூட்டை மூட்டையாக வருகிறது, பன்றி வருகிறது, ஓடுதளம் செப்பனிட ஆள் வருகிறது. புல்தரையில் ஓடுதளம் போட்டுக் கடற்கரையிலிருந்து விமானத்தில் சோழியை இறக்கினார்கள். எடை குறைவு, மதிப்பு அதிகம். விமானத்துக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது? பின்னால் அரசாங்கமும் பாதிரிமாரும் அதே வழியைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தால் என்ன ஆகும்? விலை சரிந்தது. ஆயுள் முழுக்க மோகா நடத்திச் சேர்த்த பெரியவர் கையில் இருந்தது, ஓடுதளத்தில் மண் மிதித்த பையன் கையிலும் இருந்தது. 1970-களுக்குள் மோகாவில் சிப்பியின் இடத்துக்குப் பணத்தாள் வந்துவிட்டது.

தொடருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உதவி ஆசிரியர் ஃபோனில் கேட்டார். இருக்கிறது. ஒரு கோடி மக்கள் உள்ள இந்த நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் மலையைக் கைகாட்டுவார்கள்: மலை தடுத்தது, மக்கள் தனித்தனியாக நின்றுபோனார்கள், மொழி பிரிந்தது. அந்த மலையைச் சிப்பி தாண்டியிருக்கிறது. தென் அமெரிக்காவில் பிறந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெள்ளைக்காரர் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே தாண்டி, மலைமக்களின் முக்கிய உணவாகவே ஆகிவிட்டது. சில இடங்களுக்கு இரும்புக் கோடரியும் வெள்ளைக்காரரை முந்திக்கொண்டு போயிருக்கிறது. வெளியே போன சரக்கும் உண்டு. நம் பொங்கல் கரும்பின் பூர்வீகம் நியூ கினி. அதை இங்கே கொண்டுவந்த பெருமையை ஔவையார் புறநானூற்றில் அதியமானின் முன்னோருக்குக் கொடுக்கிறார்; அவர்களுக்கு யார் கொடுத்தார்களோ!

இன்னொன்று. மலைநாட்டில் எங்கா மொழியை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். நாட்டிலேயே பெரிய தாய்மொழி அதுதான். படகில் போய்வர வசதியான செபிக் ஆற்றுப் பகுதியிலும் வடகரையிலும்தான் மொழிகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன, சிலவற்றை ஒரே ஒரு கிராமம் மட்டும் பேசுகிறது. மலைதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஹுவோன் தீபகற்பத்தில் ஒரு கிராமம். செலெபெட் மொழி பேசுகிறவர்கள். 'இல்லை' என்பதற்கு அந்த மொழிக்காரர்கள் எல்லோரும் 'பியா' என்பார்கள். இந்தக் கிராமத்தார் கூட்டம் போட்டுப் பேசி, நாம் மற்றவர்களைப் போல இருக்கக் கூடாது என்று தீர்மானித்து, அன்றுமுதல் 'புங்கே' என்று மாற்றிக்கொண்டார்கள். மொழி ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிற சம்பவம் இது. பக்கத்து ஊர்க்காரன் பேச்சு புரியாததால் அல்ல, நன்றாகப் புரிந்ததால் செய்த காரியம். ஆகவே மலை பாதி வேலைதான் செய்தது, மீதி வேலையை மனிதர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்பது என் கட்சி.

இப்படி வேலி போட்டு வாழ்ந்தவர்கள் எல்லோரும் இன்று போர்ட் மோர்ஸ்பி சந்தையில் எந்த மொழியில் பேரம் பேசுகிறார்கள்? அதற்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமோவாவிலிருந்த ஜெர்மன்காரர்களின் தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். டோக் பிசின் அடுத்த வாரம்.