சத்திரம் வண்டிக்கு நேரமாச்சு

அப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: அவரோடு வாதாடக் கூடாது.

திருச்சியில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு, "பை எங்கடா? சத்திரம் பஸ் ஸ்டாண்டு வண்டியை எடுத்துருவாங்க" என்று பதறுவார். 'ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு' என்று சொன்னால் கோபமும் அழுகையும்தான் மிஞ்சும். பழைய தோல்பையையும் கொஞ்சம் சில்லறையையும் கையில் கொடுத்து, "கலெக்‌ஷனைச் சரிபாருங்கப்பா" என்பேன். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் என்று தனித்தனியாக அடுக்குவார். பதற்றம் அடங்கிவிடும்.

டிமென்ஷியா என்னும் மறதிநிலை பல நோய்களால் வரும். அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அது ஆரம்பத்திலேயே சேதப்படுத்துகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி பதியவே இல்லை. ஞாபகம் எப்படி வரும்? கை பழகிய வேலைக்கான பகுதிகள் வேறு. அவை பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். நாம் திட்டியது அவருக்கு மறந்துபோகலாம், அந்த வருத்தம் மனதில் தங்கிவிடும். அதனால்தான் வாதாடுவதில்லை.

மறதியை 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நோயாளிக்கு ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் உடனே டாக்டரிடம் போங்கள். அப்பாவுக்கு அப்படி ஆனபோது காரணம் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் தெளிந்தார்.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் இருப்பது வீட்டில்தான். பாரம் விழுவது அநேகமாக ஒரு பெண்ணின் தலையில். எங்கள் வீட்டில் அது அம்மா. ராத்திரி அப்பா எழுந்து நடமாடினால் அம்மாவுக்கும் தூக்கமில்லை. இப்போது ராத்திரி முறையை நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்துவிடுவாள். அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய் வருவார்.

என்ன செய்வதென்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணம் இல்லை. உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எப்படி இருக்கார்?' என்று போனில் கேட்பதோடு நிற்காதீர்கள். ஒரு மத்தியானம் வந்து அவரோடு உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவர் அந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்கி எழட்டும்.