பூட்டிக்கொண்ட பேரேடு

சங்கத்துப் பேரேடு அட்டை போட்ட பெரிய புத்தகமாக இருந்த நாளில், ஒரு சமயத்தில் ஒரு குமாஸ்தாதான் அதை விரித்து எழுத முடியும், மற்றவர் காத்திருப்பார். அப்புத்தகம் கணினிக்குள் புகுந்த பின்னர், மூன்று மேசைகளிலிருந்து மூவர் ஒரே சமயத்தில் எழுதுகின்றனர். வசதியான ஏற்பாடுதான். ஆயினும் ஒருநாள் காலையில் அது திறக்க மறுக்குமானால், அங்கத்தினர் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அவ்வாறு நேர்வது ஏன், நேர்ந்தால் செய்யத்தக்கது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை நாளொன்றில் காசிமேட்டிலுள்ள ஒரு மீனவ மகளிர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். மீனவர் சங்கங்கள் எமது பொறுப்பில் வருவன அல்ல. அவை மீன்வளத் துறையைச் சார்ந்தவை. காரியதரிசி அம்மையார் எமக்குப் பழக்கமானவராதலால் அழைத்திருந்தார். சேமிப்பு நிவாரணத் திட்டத்தின் பட்டியல் அன்று மாலைக்குள் போக வேண்டும். இத்திட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் செலுத்தினால், அரசின் பங்காக 3,000 ரூபாய் சேர்ந்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாக அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பட்டியலில் பெயர் விடுபட்டால் மழைக்காலத்தில் அடுப்பு எரிவது கடினம்.

அன்று காலை மின்சாரம் சிறிது நேரம் நின்று வந்தது. அதன் பிறகு எந்த மேசையிலிருந்து திறக்க முயன்றாலும், கோப்பு வேறொரு கணினியில் தனியுரிமையாகத் திறக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பே வந்தது. அந்த வேறொரு கணினியோ அணைந்து கிடந்தது! உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் பொறுமையிழந்து, கோப்பு இருந்த தாய்க் கணினியின் பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் எழுப்பினார். இப்போது பூட்டு போயிற்று. ஆனால் கோப்பு சீர்குலைந்துள்ளது என்ற புதிய அறிவிப்பு தோன்றியது.

நடந்ததை விளக்குவோம். சங்கங்களில் பெரும்பாலும் காணப்படுவது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற மென்பொருளில் அமைந்த தரவுத்தளம். இதில் கணக்கு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். யாரேனும் அதைத் திறந்தவுடன், அருகிலேயே எல்.ஏ.சி.சி.டி.பி. என்று முடியும் சிறிய கோப்பொன்று பிறக்கும். பழைய பதிப்புகளில் அது எல்.டி.பி. என்று முடியும். உள்ளே இருப்பவர் எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பது அதில் பதிவாகும். வாசலில் வைத்த வருகைப் பதிவேடு என்று கொள்ளலாம். கடைசி ஆள் முறைப்படி வெளியேறியதும் அது தானே மறைந்துவிடும். மின்சாரமோ வலைத்தொடர்போ இடையில் அறுந்தால், வெளியேறியதைக் குறிக்க ஆளில்லை, பதிவேடு நின்றுவிடுகிறது. தாய்க் கணினியும், போனவர் இன்னும் உள்ளே இருப்பதாகவே சிறிது காலம் எண்ணிக்கொண்டிருக்கும்.

சீர்குலைவு இதனினும் வேறு. கோப்பு உள்ளே 4,096 பைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் நெசவாளர் சங்கத்தில் ஒருவர் நூல் வழங்கிய கணக்கையும் மற்றொருவர் கூலி கொடுத்த கணக்கையும் எழுதும்போது, அவரவர் கணினியே நேராகக் கை நீட்டி இப்பக்கங்களை மாற்றுகிறது. கை நீட்டியிருக்கும் கணத்தில் கம்பி அறுந்தால், பக்கம் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நின்றுவிடும். காசிமேட்டில் தாய்க் கணினிக்கு யு.பி.எஸ். இருந்தது. மேசைகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு இல்லை! எத்தனையோ அலுவலகங்களில் இதே குறையைக் கண்டிருக்கின்றோம். மின்தடை சேதம் விளைத்ததா, இளைஞரின் அவசரம் விளைத்ததா என்று அன்று பிரித்தறிய இயலவில்லை. இரண்டும் விளைக்க வல்லவையே.

செய்திருக்க வேண்டுவது இதுதான். முதலில் அனைவரையும் வெளியேறச் சொல்லி, தாய்க் கணினியின் நிர்வாகப் பகுதியில் 'பகிர்ந்த கோப்புறைகள்' என்பதன் கீழ் திறந்திருக்கும் கோப்புகளைப் பார்க்க வேண்டும். எந்தப் பயனரின் பெயரில் கோப்பு பிடிபட்டிருக்கிறது, அவர் எந்தக் கணினியிலிருந்து இணைந்துள்ளார் என்பவை அப்பகுதியில் தெரியும். அந்தக் கணினி எரிந்துகொண்டிருந்தால் அங்கேயே சென்று முறையாக மூடுக. அணைந்து போனதாயின், அந்தத் தொடர்பை மட்டும் அங்கிருந்தே முடித்துவிடலாம். ஒருவரும் உள்ளே இல்லையென்பது உறுதியான பிறகும் பூட்டுக் கோப்பு நின்றால், அப்போது அதை நீக்குவதில் பிழையில்லை.

அடுத்து, பழுது பார்க்குமுன் கோப்பை அப்படியே ஒரு நகலெடுத்துத் தனியே வைக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆக்சஸில் உள்ள 'கம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்ற ஏற்பாடு, படிக்க முடிந்த பதிவுகளைப் புதிய கோப்பில் அடுக்கித் தருகிறது. படிக்க முடியாதவற்றை விட்டுவிடவும் கூடும். நகல் இல்லையேல் விட்டது போனதுதான். அதுவும் பயன்படாவிடில், வெற்றுக் கோப்பொன்றைத் தொடங்கி அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்து பார்க்கலாம். பெரும்பாலும் ஓர் அட்டவணைதான் முரண்டு பிடிக்கும்.

காசிமேட்டில் பழுது பார்த்த கோப்பு திறந்தது. அனைவரும் மகிழ்ந்தனர். பட்டியலின் மொத்தத்தை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொன்னோம், தொகை குறைந்தது. சில வரிகள் மறைந்திருந்தன. வரிசையில் நின்ற மீன் விற்கும் அம்மையார் ஒருவர், "மாசம் தவறாமல் கட்டினேன் ஐயா, சீட்டெல்லாம் இருக்கிறது" என்று பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டினார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. அலமாரியிலிருந்த ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து விடுபட்டவற்றை மீண்டும் எழுதினார்கள். கணினி வந்துவிட்டதென்று அடிக்கட்டைகளைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடும் சங்கங்களும் உள்ளன என்பதை இங்கே வருத்தத்துடன் குறிப்பிடுகின்றோம்.

இனி, வராமற் காக்கும் வழிகள். அட்டவணைகளைத் தாய்க் கணினியிலும், எழுதும் படிவங்களை ஒவ்வொரு மேசையிலும் என இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும்; ஆக்சஸிலேயே இதற்கு வசதி உண்டு. படிவத்தைத் திருத்துவதற்காக ஒருவர் முழுக் கோப்பையும் தனியுரிமையாகப் பிடித்துக்கொள்ளும் தொல்லை அப்போது நீங்கும். கம்பியில்லாத வைஃபை இவ்வேலைக்கு ஆகாது. கடலோரத்தில் உப்புக் காற்றால் கம்பியின் முனைகளும் களிம்பேறுகின்றன; ஆதலால் அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும். இணையக் கிடங்கோடு தானே ஒத்திசையும் கோப்புறையில் பகிர்ந்த கோப்பை வைத்தல் கூடாது. இருவர் எழுதியது இரண்டு கோப்புகளாகப் பிளந்துவிடும். கோப்பின் உச்ச அளவு 2 ஜிகாபைட். அதை நெருங்கவிடாமல் பழைய ஆண்டுகளைத் தனியே பிரிக்க வேண்டும். தினமும் மாலையில் அனைவரும் வெளியேறிய பிறகு நகலெடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைவாசிகளுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐந்தாறு பேருக்கு மேல் ஓயாமல் எழுதும் சங்கங்கள் சர்வர் முறைக்கு மாறுவதே நலம். அதில் மேசைக் கணினிகள் கோப்பைத் தொடுவதில்லை. வேண்டுகோளை மட்டும் அனுப்புகின்றன. ஒரே மென்பொருள் வாங்கி எழுதுகிறது. பாதியில் நின்ற வேலையைத் தன் குறிப்பைப் பார்த்துத் திருப்பியும் விடுகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொதுவான மென்பொருளில் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அப்போது 63,000 சங்கங்களும் 2,516 கோடி ரூபாயும் குறிக்கப்பட்டன. அதில் சேரும் விவசாயச் சங்கங்கள், பழைய கணக்கை ஏற்றுமுன் ஒவ்வொரு அங்கத்தினர் நிலுவையையும் அவரவர் கைப்புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது நலம். பிழையோடு ஏற்றினால் பிழையும் பத்திரமாகவே இருக்கும்.

காசிமேட்டுப் பட்டியல் அன்றிரவு எட்டு மணிக்குப் போயிற்று. அந்த அம்மையார் தம் பெயரைத் திரையில் காட்டச் சொல்லி, பார்த்த பின்னரே வீடு திரும்பினார்.