வேதியியல் ஆய்வுக்குக் கடல் கடந்தவர்கள்: அன்றும் இன்றும்

1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் இந்தியாவிலிருந்து தேறியவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் 1887-ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். கூடவே ஹோப் பரிசும் கிடைத்ததால் மேலும் ஓராண்டு அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். நம் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்திரி 1927-ல் அரசு உதவித்தொகையில் மான்செஸ்டர் போனார்; பேராசிரியர் ராபர்ட் ராபின்சனிடம் சேர்ந்து 1929-ல் பிஎச்.டி.யை முடித்தார். பஞ்சாப் கிராமத்துப் பட்வாரி ஒருவரின் மகனான ஹர் கோவிந்த் கொரானா 1945-ல் லிவர்பூல் போனதும் இந்திய அரசின் உதவித்தொகையில்தான்.

வாய்ப்பு மிகச் சிலருக்குத்தான். அந்த வரிசைக்கு வெளியே நின்ற திறமைசாலிகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் கிடைத்தவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. பணம் அவர் பெயரில் வந்தது. அவரைச் சேர்த்துக்கொள்வதால் பேராசிரியருக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

அந்த நிலைமையை மாற்றியது கல்விக் கட்டணம். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்தது 1967-ல். 1980-ல் முழுச் செலவையும் அவர்களே கட்ட வேண்டும் என்றானது. உள்நாட்டு, வெளிநாட்டுக் கட்டணங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை ஈடுகட்ட, ஆய்வு மாணவர்களுக்கென்று ஓர் அரசுத் திட்டம் அப்போதே தொடங்கியது. பிற்பாடு அதுவும் நின்றுபோனது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. ஆய்வுக்கூடத்தில் ராப்பகலாக உழைக்கும் ஒருவரைக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளராகப் பார்ப்பது நியாயமில்லை.

2021 முதல் கதவு மறுபடி திறந்திருக்கிறது. யு.கே.ஆர்.ஐ. என்ற அரசு ஆய்வு நிதி அமைப்பின் உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 2025-26-க்கான குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. வருமான வரி கிடையாது. ஆனால் வெளிநாட்டவர் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டுமே அந்த அமைப்பு தரும். மிச்சத்தை மாணவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. பல்கலைக்கழகம்தான் சமாளிக்க வேண்டும். வேதியியல் போன்ற துறையில் அது சின்னத் தொகை அல்ல. நல்ல மதிப்பெண்ணும் பேராசிரியரின் சம்மதமும் இருந்தும் இடம் கிடைக்காமல் போவது பல நேரம் இதனால்தான்.

இடம் கிடைத்தவருக்கும் தொடக்கம் லேசானதல்ல. வேதியியலின் பல பிரிவுகளுக்கு ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது கைக்கு வராமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. விசாவோடு சேர்த்து மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. நாலு வருஷ விசா என்றால் 3,104 பவுண்டு, அதாவது மூன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல், ஒரே தவணையில் கட்ட வேண்டும். பிறகு விமான டிக்கெட், வீட்டுக்கு முன்பணம். உதவித்தொகையின் முதல் தவணையோ அங்கே போய்ப் பதிவு செய்த பிறகுதான் வரும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வட்டிக்கு வாங்குவது இந்த இடைவெளியில்தான்.

காமன்வெல்த் உதவித்தொகை இதைப் புரிந்துவைத்திருக்கிறது. 1959-ல் முடிவான அந்தத் திட்டம் விமானக் கட்டணம் தருகிறது; போய் இறங்கியதும் செலவுக்குப் பணம் தருகிறது; தேவைப்படுவோருக்குக் குளிர்கால உடைக்கும் தனியாகத் தருகிறது. மற்ற பலவற்றில் இப்படி இல்லை. சில வேதியியல் துறைகள் விசாச் செலவைத் திருப்பித் தருகின்றன, சில தருவதில்லை. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே கட்டண வித்தியாசம், மருத்துவக் கட்டணம், முதல் தவணை வரும் தேதி ஆகிய மூன்றைப் பற்றியும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள்.