வண்டிச் சக்கரமும் வழியும்

சிறு வண்டி செய்விக்க விழைவார் பெட்டியின் அழகையே முதலில் நோக்குவர். சக்கரத்தையே முதலில் நோக்குதல் வேண்டும் என்போம் நாம். அது பொருந்தாவிடின் துன்பம் முழுதும் காளையின் கழுத்தின்மேல் விழும் அன்றோ?

நெல்லைச் சீமையின் வழிகள் ஒருதன்மையன அல்ல. தாமிரபருணிக் கரையிற் சேறு. கோவிற்பட்டிப் பக்கம் கரிசல். சாத்தான்குளம் பக்கம் தேரி மணல். குடமும் ஆரக்காலும் வட்டையும் கூடி இரும்புப் பட்டை பூண்ட பழைய சக்கரம் உயரமுடையது. ஆதலின் குழிகளை எளிதிற் கடக்கும். ஆயினும் பட்டை குறுகியதாதலின் மணலிற் புதையும், சாலையையும் அறுக்கும்.

காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்ற டன்லப் என்பார் கால்நடை மருத்துவர். அவர் கருவி பின்னர் எருதுகளின் வருத்தத்தையும் தணித்தது பொருத்தமே. டயர் தரையை அழுத்தும் அளவு, ஏறக்குறைய உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமேயாம். 500 கிலோவை இரு டயர்கள் தாங்கின் ஒன்றிற்கு 250 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு 2½ கிலோ அழுத்தமிருப்பின், டயர் 100 சதுர சென்டிமீட்டர் அளவு தரையிற் பதியும். காற்றைக் குறைப்பின் பதிவு விரியும். மணலுக்கு அது நன்று. மிகக் குறைப்பின் டயரின் பக்கம் மடிந்து கெடும்.

ஆகவே, வண்டியின் எடையையும் சுமையையும் கூட்டி, அதனினும் சற்று மிகுதியாகத் தாங்கும் டயரைக் கொள்க. இரண்டும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். வெடிப்புற்ற பழைய டயரை மலிவென்று வாங்கற்க. உடைமுள் மிகுந்த காட்டுவழியே செல்வார்க்கு இரும்புப் பட்டையே நலம். வழியறிந்து சக்கரம் தேர்வதும் வாயில்லாச் சீவனுக்கு நாம் செய்யும் இரக்கமேயாம்.